இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

அந்த நீல வண்டி என்னுதில்லீங்க தம்பி. நீங்க அதைச் சுத்திச் சுத்திப் பாக்கறதைக் கவனிச்சேன், அதான் முதல்லயே சொல்லிப்போடறேன். நான் பெட்ரோல் ஆளு. அன்னைக்கும் பெட்ரோல், இன்னைக்கும் பெட்ரோல். இந்தக் கரண்டு வண்டிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒயரைச் சொருகி விட்டுட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி, அது குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்கறோம் பாருங்க, இதெல்லாம் ஒரு பொழப்புங்களா? உங்களைச் சொல்லலை. உங்களுது குடும்ப வண்டி, ஆபீசுக்குப் போக வர இருக்கறது. அது பரவாயில்லை. நான் சொல்றது இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் வண்டியை. ரெண்டே கதவு, தரையோட தரையா படுத்துட்டு, என்னமோ பெரிய சிறுத்தை மாதிரி.

உக்காருங்க. ஊட்டிக்குங்களா போறீங்க? உங்களுதும் சார்ஜு ஏறி முடிய நேரம் ஆகும்ல. இந்த மேட்டுப்பாளையத்துல இந்த ஒரு ஓட்டல்லதான் டீ வாயில வைக்கற மாதிரி இருக்கும். அண்ணா, இங்க ரெண்டு டீ. ஒண்ணுல சக்கரை வேண்டாம்.

வண்டிக்காரங்க அந்தா உள்ள போன் பேசிட்டு இருக்காங்க பாருங்க. அரக்குச் சேலை. டாக்டர் கோகிலவாணி. பேரு கோகிலவாணி, வண்டி ஊமை. இதை அவங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். எனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாது. என்ற பேரு சென்னியப்பன். பீளமேட்டுல மோட்டார் பம்புக்கு வார்ப்படம் போடற பட்டறை நம்முளுது. இப்பப் பையன் நவநீதன் பாத்துக்கறான். என்ற வீட்டுக்காரி பூங்கோதை தவறிப்போய் எட்டொன்பது வருஷம் ஆகுது.

என்கிட்டயும் ஒரு வண்டி இருக்குதுங்க. அதான் வண்டி. அறுபத்து நாலுல இங்கிலாந்துல செஞ்சது. ரெண்டு சீட்டு, மேல கூரை கிடையாது, மழைக்குக் கித்தான் துணி. ஒரு டீ எஸ்டேட்டு ஷெட்டுல கிடந்துச்சு. டிரைவர் சீட்டுல கோழி அடைக்கு உக்காந்திருந்துச்சு. கோழியைத் தூக்கிக் கீழ விட்டுட்டு வண்டியை ஓட்டிட்டு வந்தேன். அப்ப கல்யாணமான புதுசு. "பீரோ வாங்கிட்டு வாங்கன்னா இதை வாங்கிட்டு வந்திருக்கீங்களே"ன்னா பூங்கோதை. ஒரே ஒரு தடவை ஏறினா. பெட்ரோல் வாசம் தலைவலின்னுட்டா. அதுக்கப்புறம் எங்க போறதுன்னாலும் பஸ்ஸுதான். அவ முன்னாடி பஸ்ல போவா, நான் பின்னாடியே வண்டியில போவேன். பழநிக்கு, மருதமலைக்கு, எல்லாத்துக்கும் அப்படித்தான். அதுல எங்களுக்குள்ள ஒரு சங்கடமும் இருந்ததில்லை. பக்கத்து சீட்டுல டூல் பெட்டியை வெச்சுக்கிட்டேன். பழைய வண்டிக்குப் பெட்டி பக்கத்துல இருக்கறது நல்லதுதானுங்களே.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்தம்மா எனக்குப் பண்ணின அநியாயத்தை நீங்களே கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க.

போன தை மாசம். எங்க பழைய வண்டிக் கிளப்புல வருஷா வருஷம் ஊர்வலமாப் போவோம். செகரட்டரி ரங்கநாதனுக்குத் திடீர்னு ஒரு யோசனை. பழைய பெட்ரோல் வண்டி ஒண்ணு, புதுக் கரண்டு வண்டி ஒண்ணு, ஜோடி சேத்துவிடறது. ரேஸ்கோர்ஸ்ல இருந்து கல்லாறு வரைக்கும் அவங்கவங்க வண்டியை அவங்கவங்க ஓட்டணும். கல்லாறுல மாத்திக்கிட்டு, மலையேறிக் குன்னூர் வரைக்கும் இவர் வண்டியை அவர், அவர் வண்டியை இவர். மேல போய்ப் பத்துக்கு எத்தனைன்னு மார்க்கு போடணும். சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. எனக்கு விழுந்தது இந்தம்மா.

மயக்க மருந்து டாக்டருங்க. கோயமுத்தூர்ல பாதிப் பேரைத் தூங்க வெச்சவங்க. ரிட்டயர் ஆகிக் குன்னூர்ல வீடு. கல்யாணம் பண்ணிக்கலை. ரிட்டயர் ஆனா ஊர் உலகத்துல எல்லாரும் தோட்டம் வாங்குவாங்க, காசிக்குப் போவாங்க, இவங்க போயி இதை வாங்கியிருக்காங்க. "ஏனுங்க டாக்டர், இந்த வயசுல எதுக்குங்க இவ்வளவு வெசையா போற வண்டி"ன்னு கேட்டேன். "இதுக்கு முன்னாடி நேரமில்லைங்க"ன்னாங்க. இது ஒரு பதிலுங்களா?

அன்னைக்குக் காலையில ரேஸ்கோர்ஸ்ல வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. நான் நம்ம வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடு ஏத்திட்டு இருக்கேன். இந்தம்மா வந்து பானெட் பக்கத்துல நின்னாங்க. கண்ணை மூடிக்கிட்டாங்க. சத்தத்தைக் கேட்டுச் சொக்கிட்டாங்கன்னு நினைச்சேன். எல்லாரும் சொக்குவாங்க. கண்ணைத் திறந்து, "சார், ஒரு பக்கம் மூச்சு சரியா இழுக்கலைங்களே"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. உண்மைதான், காத்தையும் பெட்ரோலையும் கலக்கற கார்புரேட்டர் அதுல ரெண்டு, ஒண்ணு கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும். அதுக்காக, பாத்த உடனே ஒரு வண்டியைப் போயி அப்படிச் சொல்லலாமுங்களா? "அதுக்கு அறுபது வயசுங்க டாக்டர்"னேன். "எனக்கும்தான்"னாங்க.

கிளம்பினோம். தை மாசம்னு பேருதான், வெயில்னா அப்படியொரு வெயில். நமக்கு மேல கூரை இல்லை. காரமடைகிட்டப் போறப்ப, சத்தமே இல்லாம ஒண்ணு பக்கத்துல வந்து கூடவே வருது. கண்ணாடியை இறக்கி, "சார், சுடலைங்களா"ன்னு கேக்கறாங்க. உள்ள ஏசி. கண்ணாடி வழியா குளிர் காத்து என்ற கன்னத்துல வந்து அடிக்குது. "ஜம்முனு இருக்குதுங்க"ன்னேன். கத்தித்தான் சொல்லணும், நம்ம வண்டியில மெல்லப் பேச முடியாது. தொப்பி போட்டும் தலையில தோசை ஊத்தலாம் எனக்கு. ஆனா ரோட்டோரம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எனக்குத்தான் கை காட்டுச்சு. அந்த நீலத்தை ஒருத்தர் திரும்பிப் பாக்கலை. அதை நான் கவனிச்சேன். அவங்களும் கவனிச்சிருப்பாங்க.

கல்லாறுல நிறுத்தி மாத்திக்கிட்டோம். நான் நம்ம வண்டியைப் பத்தி எல்லாம் விளக்கமாச் சொன்னேன். மூணாவதுல இருந்து ரெண்டாவது கியருக்கு இறங்கறப்ப கிளச்சை ரெண்டு தடவை மிதிக்கணும், நடுவுல ஒரு ஆக்சிலேட்டர் குடுக்கணும், இல்லைன்னா கடிக்கும்னேன். "யாரைங்க"ன்னாங்க. "எல்லாரையும்"னேன். டூல் பெட்டியைத் தூக்கி அவங்க வண்டியில போட்டுக்கிட்டேன், நம்ம வண்டி பாரம் குறைஞ்சு ஏறட்டும்னு. அவங்க என்னடான்னா என்ற கையில ஏடிஎம் கார்டு மாதிரி ஒண்ணைக் குடுத்து, அதான் சாவியாம், "அவ்வளவுதான் சார், போங்க"ன்னாங்க.

உக்காந்தேன். காத்திருந்தேன். "ஸ்டார்ட் ஆகலைங்களே"ன்னேன்.

"ஆகி ரொம்ப நேரமாச்சுங்க."

லேசா மிதிச்சேன் தம்பி. சத்தியமா லேசாத்தான். கல்லாறு பின்னாடி போயிருச்சு. நான் முன்னாடி போகலை, ஊருதான் பின்னாடி போச்சு. தொப்பி பின்னாடி கண்ணாடியில போய் ஒட்டிக்கிச்சு. வயிறு இன்னும் கீழயே நிக்குது. அந்த வண்டிக்குள்ள கேமரா இருக்குதாம், பிற்பாடு போட்டுக் காட்டினாங்க. நான் ஏழு வயசுப் பையன் மாதிரிச் சிரிக்கறனாம். அது சிரிப்பு இல்லீங்க. திடீர்னு காத்து அமுக்கினா நெஞ்சுல இருந்து அப்படி ஒரு சத்தம் வரும். டாக்டருக்கே அது தெரியலை.

முதல் கொண்டை ஊசி வளைவுல என்ற இடது காலு கிளச்சைத் தேடுது. இல்லை. ரெண்டாவதுலயும் தேடுது. பாவம், முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம், இல்லாத ஒண்ணை மிதி மிதின்னு மிதிக்குது. மூணு நாலு வளைவுக்கு மேல விட்டுருச்சு. சும்மா கிடந்துச்சு. ஒரு மனுஷனோட காலுக்கு வேலை குடுக்காத வண்டி என்ன வண்டிங்கறேன்.

அங்கதான் ஒண்ணு நடந்துச்சு. பர்லியாறு தாண்டி, குளிர் வருதேன்னு ஏசியை அணைச்சுட்டுக் கண்ணாடியை இறக்கினேன். வண்டியில சத்தம் இல்லையா, காட்டுச் சத்தமெல்லாம் உள்ள வருது. தண்ணி விழற சத்தம், குருவி, எல்லாம். அப்பக் கீழ, ரெண்டு வளைவு தள்ளி, மரத்துக்கு நடுவுல இருந்து ஒரு சத்தம் ஏறி வந்துச்சு. எவனோ அருமையான வண்டி வெச்சிருக்கான்னு நினைச்சேன். பொறாமையா இருந்துச்சு. கியரு இறக்கறான், ஒரு உறுமல், அப்புறம் மேல இழுக்குது, நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்துப் பிடிச்சு ஏத்தற மாதிரி. மலை முச்சூடும் அது திரும்பித் திரும்பிக் கேக்குது. யாருடா இவன், நம்ம கிளப்புல இப்படி ஒருத்தனான்னு யோசிக்கறேன்.

அப்புறம்தான் உறைச்சுது. அது நம்ம வண்டி.

முப்பத்தஞ்சு வருஷமா நான் அதுக்குள்ள உக்காந்து கேட்டிருக்கேன் தம்பி. வெளிய நின்னு, அது மலையேறறதைக் கேட்டதே இல்லை. எப்படிக் கேக்க முடியும்? ஓட்டறது நான்தானே. இன்னொரு பெட்ரோல் வண்டியில இருந்திருந்தாலும் கேட்டிருக்காது, அந்த இஞ்சின் சத்தம் இதை மறைச்சிருக்கும். ஓரமா நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. அங்க குளிரு ஜாஸ்தி.

டாக்டர் வளைவு திரும்பி வந்தாங்க. கொண்டை அவுந்து முடியெல்லாம் பறக்குது. மூஞ்சி செவசெவன்னு. நான் நிக்கறதைப் பாத்து நிறுத்துவாங்கன்னு கை காட்டினேன். ஹாரனை அடிச்சுட்டுப் போயே போயிட்டாங்க. என்ற வண்டியில, என்னையவே தாண்டி.

குன்னூர்ல மார்க்கு போட்டோம். நான் மூணு போட்டேன். நியாயமாத்தான் போட்டேன். சத்தம் இல்லை, வாசம் இல்லை, இடது காலுக்கு வேலை இல்லை. அவங்க நம்ம வண்டிக்கு ஒன்பது போட்டிருந்தாங்க. ஏன்னு கேட்டதுக்கு, "ரொம்பப் பயமா இருந்துச்சு. மறுபடி ஓட்டணும்"னாங்க. அந்த ஒரு மார்க்கு ஏன் குறைச்சீங்கன்னேன். "அந்த மூச்சுக் கோளாறுக்கு"ன்னாங்க.

அதோட முடிஞ்சிருக்கணும். முடியலை. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு ஷெட்டுக்கு வந்து நிக்கறாங்க, அந்த ரெண்டு தடவை கிளச்சு மிதிக்கறதைச் சரியாக் கத்துக்கணுமாம். வந்தவங்களைப் போன்னு சொல்ல முடியுங்களா? கார்புரேட்டரை ரெண்டு பேருமாக் கழட்டினோம். அவங்க காதை வெச்சுச் சொல்வாங்க, நான் திருகுவேன். ஒரு வழியா ரெண்டும் ஒண்ணா மூச்சு விட்டுச்சு. அதுக்கு அடுத்த வாரம், அவங்க வண்டியை நான் சரியாச் சோதிக்கலை, மூணு மார்க்கு செல்லாதுன்னாங்க. சரி, சோதிச்சுருவோம்னு ஆழியாறுக்குப் போனோம். பல்லடம் ரோட்டுல போனோம். வால்பாறைக்குப் போனோம். ஒவ்வொரு ரோட்டுலயும் அந்த வண்டிக்கு ஒவ்வொரு குறை இருக்கும்ல, அதைக் கண்டுபிடிக்கறதுக்குத்தான். பள்ளத்துல விழுந்தா தூக்கிப்போடுது. சார்ஜு எவ்வளவு இருக்குதுன்னு மனசுல ஒரு ஓரத்துல ஓடிட்டே இருக்குது. நம்ம வண்டியில பெட்ரோல் முள்ளே வேலை செய்யாது, அதனால அந்தக் கவலையே இல்லை. இறக்கத்துல காலை எடுத்தா அதுவா பிடிச்சுக்குது, கீழ வர்றதுக்குள்ள சார்ஜு ஏறியிருக்குது. அது நல்லாத்தான் இருக்குது. அதையும் சொல்லணும். நான் ஒருதலைப்பட்சமாப் பேசறவன் இல்லை.

இங்க வீட்டுல என்ற பையன் நவநீதன் என்னைப் பாத்துட்டே இருந்திருக்கான். நான் ரெண்டு சட்டை புதுசா எடுத்தேன். அந்த வண்டி சீட்டு வெள்ளை, அழுக்குச் சட்டையோட உக்கார முடியாது. தினமும் முகச்சவரம் பண்ணினேன். ஒருநாள் பையன் வந்து எதுத்தாப்புல உக்காந்தான். "அப்பா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்க அந்த மாதிரிக் கரண்டு வண்டி வாங்கப் போறீங்களா?"

"சீ, நானா?"ன்னேன்.

"இல்லை, ஆசையா இருந்தா சொல்லுங்க. சின்னதா ஒண்ணு பாக்கலாம்"னான். கையில நாலு கம்பெனி நோட்டீசு வெச்சிருந்தான்.

மருமக தாரணி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தா. "ஏங்க, மாமாவுக்கு வண்டி மேல ஆசை இல்லைங்க"ன்னா. கெட்டிக்காரப் புள்ளை. எனக்கு அந்த வண்டி மேல ஆசை இல்லைங்கறது அவளுக்காவது புரிஞ்சுதே.

டீ ஆறிப்போகுது, குடிங்க.

இனிமேதான் அநியாயம். சித்திரையில ஒருநாள், சிறுவாணி ரோட்டுல நம்ம வண்டியில போயிட்டு வர்றோம். நான்தான் ஓட்டினேன். டூல் பெட்டியைப் பின்னாடி கட்டிட்டு அவங்க பக்கத்துல உக்காந்திருந்தாங்க. பெட்ரோல் வாசம் தலைவலிக்கலைங்களான்னு கேட்டேன். "ஆபரேஷன் தியேட்டர் வாசத்துக்கு இது சந்தனம்"னாங்க. சந்தோஷமா வந்துட்டு இருந்தோம். திடீர்னு சொல்றாங்க, "சார், ஊர்ல ஒருத்தர் இருக்காராம், பழைய வண்டியில இஞ்சினை எடுத்துட்டு மோட்டாரும் பேட்டரியும் வெச்சுக் குடுக்கறாராம். நம்ம வண்டிக்கு ஒருதடவை கேட்டுப் பாக்கலாங்களா?"

வண்டியை நிறுத்திட்டேன். இஞ்சினை எடுக்கறதா? கற்பூரம் காட்டற சாமியைத் தூக்கிட்டு அங்க டிவி வைக்கலாமான்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. "நீங்க இத்தனை நாளாப் பழகினது இதுக்குத்தானா டாக்டர்"னு கேட்டேன். அவங்க என்னமோ சொல்ல வந்தாங்க. நான் கேக்கலை. எங்க வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்து விட்டேன். அவங்க நீல வண்டியில ஏறிப் போயிட்டாங்க. அது போற சத்தம்கூடக் கேக்கலை. போனது தெரியாமலே போயிருச்சு.

அதுக்கப்புறம் வாரக்கணக்காப் பேச்சு வார்த்தை இல்லை. எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பூராவும் நம்ம கையில. ஷெட்டுல போயி வண்டியைத் துடைப்பேன். மறுபடி துடைப்பேன். தாரணி ஒருநாள், "மாமா, பெயிண்ட் போயிரும்"னா.

நமக்கு யாரும் வேண்டாம், தனியாவே மலையேறுவோம்னு ஒருநாள் காலையில கிளம்பினேன். அவினாசி ரோட்டுல சிக்னல். பச்சை விழுந்துச்சு. கிளச்சை மிதிக்கறேன், காலு இறங்கலை. முழங்காலு பூட்டுப் போட்ட மாதிரி நின்னுருச்சு. பின்னாடி பஸ்காரன், ஆட்டோக்காரன், எல்லாரும் ஹாரன். போலீஸ்காரரும் இன்னும் ரெண்டு பேருமாத் தள்ளி ஓரம் கட்டினாங்க. வண்டியில ஒரு கோளாறும் இல்லை தம்பி, அதை மனசுல வெச்சுக்குங்க. இஞ்சின் ஓடிட்டே இருந்துச்சு. நின்னது நான்தான்.

முழங்காலு கொஞ்ச வருஷமாவே வலிதான். யாருகிட்டயும் சொல்லலை. சொன்னா வண்டியை எடுக்க விட மாட்டாங்க. அந்தக் கிளச்சு என்ன லேசா, கல்லு.

போனை எடுத்தேன். பையன் நம்பர் நினைப்புக்கு வரலை. அவங்களுதுதான் வந்துச்சு. மலையில இருந்து இறங்கி வந்தாங்க. ரோட்டோரத்துல, அத்தனை பேரு பாக்க, கீழ உக்காந்து கட்டைவிரலை முழங்கால்ல ஒரு இடத்துல வெச்சு அமுக்கினாங்க. எனக்கு உசுரு போச்சு.

"ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்பெல்லாம் உங்க மூஞ்சி சுருங்குது. முதல் நாளே காரமடைகிட்டப் பாத்தேன்"னாங்க. "அதனாலதான் மோட்டார் வெச்சுரலாம்னு கேட்டேன். வண்டிக்காக இல்லை."

கோவத்தை எங்க வெக்கறதுன்னு தெரியாம வெச்சிருந்தேன், அது பாட்டுக்குக் கரைஞ்சு போச்சு. "இஞ்சினை எடுக்க மாட்டேன்"னேன். "சரி, அப்ப முழங்காலை எடுத்துருவோம்"னாங்க.

மூட்டு மாத்தற ஆபரேஷன். எனக்குச் சுத்தமாப் பயம். வெட்டறதுக்கு இல்லை. தூங்க வெச்சா முழிக்க மாட்டமோன்னு. அதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றது, அவங்க தொழிலே அது. கடைசியில சொல்லிட்டேன். "நீங்க தூங்கவே வேண்டாம். இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக ஊசி. மேல கொஞ்சம் மிதப்பா இருக்க மருந்து. நான் தலைமாட்டுல உக்காந்துக்கறேன்"னாங்க. அங்க இருந்த மயக்க டாக்டரு இவங்ககிட்டப் படிச்சவரு, அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாரு.

தியேட்டர்ல துணி மறைச்சுக் கட்டியிருந்தாங்க. அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம், டிரில்லு சத்தம், ரம்பம். நம்ம பட்டறைக்கு வந்துட்ட மாதிரியே இருந்துச்சு. பயமெல்லாம் எங்கியோ போயிருச்சு. "ரொம்ப முறுக்காதீங்க, மரை போயிரும்"னு நான் சத்தம் போட்டேன். எலும்பு டாக்டரு, "சரிங்க முதலாளி"ன்னாரு. இதுவரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்குது. அதுக்கப்புறம் அந்த மிதப்புல நான் டாக்டரம்மாகிட்ட என்னமோ சொல்லியிருக்கேன். என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது. மறுநாள் நர்சுப் புள்ளைங்க என்னைப் பாத்தாலே வாயைப் பொத்திக்குது. எலும்பு டாக்டரு கட்டுப் பிரிக்க வந்துட்டு, "அப்புறம், எப்பங்க?"ன்னாரு. எதுன்னு கேட்டா சிரிக்கறாரு.

டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். சொல்லலை. "மயக்கத்துல சொன்னதெல்லாம் செல்லாதுங்க"ன்னேன். "எனக்கும் தெரியும். முப்பது வருஷமா எத்தனையோ கேட்டிருக்கேன். தெளிவா இருக்கறப்பச் சொல்லுங்க, அப்பச் செல்லும்"னாங்க. என்ன சொன்னேன்னே தெரியாம அதை எப்படித் தெளிவாச் சொல்றது? இதுல என்ன நியாயம் இருக்குது, நீங்களே சொல்லுங்க.

ரெண்டு மாசம் போச்சு. கைத்தடியோட நடக்கறேன். ஒருநாள் அவங்க வண்டியில ஆழியாறு அணைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தண்ணியைப் பாத்துட்டு வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தோம். "டாக்டர், அந்த மார்க்கு விஷயம்"னேன்.

"சொல்லுங்க."

"மூணு போட்டது கொஞ்சம் கம்மிதான்."

"எவ்வளவு ஏத்தறீங்க?"

"ஒரு ஆறு."

"ஆறு போதுங்களா?"

"வண்டிக்கு ஆறு போதுங்க"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கணும். வாய் நிக்கலை. "ஓட்டறவங்களுக்குப் பத்துக்குப் பத்து"ன்னுட்டேன்.

அவங்க ஒண்ணும் பேசலை. நானும் பேசலை. அந்த வண்டியில பேசாம உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல. நம்ம வண்டின்னா இஞ்சினாவது பேசும். இதுல சொந்த நெஞ்சு அடிக்கறது காதுல விழுது. கரண்டு வண்டியில இது ஒரு பெரிய குறைங்க, யாரும் எழுதறதில்லை.

"இப்பத் தெளிவா இருக்கீங்களா?"ன்னாங்க.

"இருக்கேன்."

"மிதப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க."

"அன்னைக்கு டேபிள்ல இதையேதான் சொன்னீங்க. இன்னும் கொஞ்சம் விவரமா."

என்ன விவரம்னு நான் கேக்கலை. அவங்களும் சொல்லலை. என்ற கைத்தடி மேல கையை வெச்சிருந்தேன், அது மேல அவங்க கையை வெச்சாங்க. அவ்வளவுதான்.

நான் யோசிச்சுத்தான் முடிவு பண்ணினேன் தம்பி, உணர்ச்சிவசப்படற ஆளு இல்லை. அவங்க மேல குன்னூர்ல, நான் கீழ பீளமேட்டுல. வாரா வாரம் ஏறி இறங்கினா பிரேக்கு என்ன ஆகறது? கரண்டு வண்டியில பிரேக்கு தேயாதுன்னு சொல்லாதீங்க, நம்ம வண்டியில தேயும்ல. அப்புறம் நம்ம வண்டியை இனிமே அவங்கதான் ஓட்டறாங்க. என்ற காலு புதுசு, ஆனா அந்தக் கிளச்சுக்கு ஆகாதுன்னுட்டாங்க. அவங்க நம்ம வண்டியில வருவாங்க, நான் இந்த நீலத்தை எடுத்துட்டு ரெண்டு வளைவு முன்னாடி கண்ணாடியை இறக்கிட்டுப் போவேன். இதுல போனாத்தான் அது நல்லாக் கேக்குது. அதுக்குத்தான் ஓட்டறேன். வேற ஒண்ணும் இல்லை.

பையன்கிட்டச் சொன்னேன். ரெண்டு நாள் மூஞ்சி குடுத்துப் பேசலை. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் அவங்கம்மா படத்துக்கு முன்னாடி நின்னுட்டு இருந்தான். நானும் போய்ப் பக்கத்துல நின்னேன். "அம்மா உங்க வண்டியில ஏறவே இல்லைல்லப்பா"ன்னான். "ஒருதடவை ஏறினா"ன்னேன். படத்து மாலையை நேராக்கிட்டே, "அவங்க ஏறறாங்களா?"ன்னான். "ஓட்டறாங்க"ன்னேன். அப்பத்தான் அவன் மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு. "அப்ப நாம கரண்டு வண்டி வாங்க வேண்டியதில்லை"ன்னான்.

இன்னைக்கு அவனும் தாரணியும் நம்ம வண்டியை எடுத்துட்டு முன்னாடியே மலையேறிட்டாங்க. குன்னூர் ரிஜிஸ்டர் ஆபீசுல பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. டாக்டர் காலையிலயே கீழ இறங்கி வந்து என்னை வீட்டுல இருந்து ஏத்திக்கிட்டாங்க. பொண்ணு வந்து மாப்பிள்ளையை அழைச்சுட்டுப் போறது எங்க ஊர்ல இதுதான் முதல் தடவைன்னு நினைக்கறேன்.

அந்தா வர்றாங்க. எந்திரிங்க, எந்திரிங்க.

டாக்டர், ரங்கநாதன் என்ன சொல்றாரு? வர முடியாதுங்கறாரா? பேத்திக்குக் காய்ச்சல் விடலையா. சரி, புள்ளையைப் பாக்கட்டும். இவரு ஊட்டிக்குத்தான் போறாரு டாக்டர். இல்லைங்க, இன்னும் கேக்கலை. கேக்கத்தான் உக்காந்தேன். எங்க விட்டேன், கோழியில இருந்து ஆரம்பிச்சேன். சுருக்கமாத்தான் சொன்னேன் டாக்டர், வேணும்னா இவரையே கேளுங்க.

தம்பி, மூணு சாட்சி வேணுமாம். பையனும் மருமகளும் ரெண்டு, மூணாவது ரங்கநாதன்தான் வர்றதா இருந்துச்சு. குன்னூர் நீங்க போற வழிதான், ஒரே ஒரு கையெழுத்துதான். உங்க ஆதார் கார்டு கையில இருக்குதுங்களா?